கழற்றும் முன் அளந்து பாருங்கள்

ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய குடும்பக் காரைக் கட்டுப்படியாகும் செலவில் ஓட்ட, வீட்டில் செய்ய வேண்டிய முதல் வேலை எது?

ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய ஆல்டோ, வேகன்-ஆர், சான்ட்ரோ, இண்டிகா, ஸ்விஃப்ட் வகைக் கார்கள் தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் நிற்கின்றன. தவணை கட்டி முடித்து வருடங்கள் ஆகியிருக்கும். விற்கப் போனால் கேட்கிற விலைக்குக் கொடுக்க மனசு வராது; புதிது வாங்கலாம் என்றால் மாதத் தவணை பயமுறுத்தும். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறிய பிறகும், கட்டிவிட்டு ஓட்டுவோம் என்றே பல குடும்பங்கள் முடிவு செய்கின்றன. கணக்குப்படி அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் சில மாதங்களிலேயே அந்தக் கணக்கு உதைக்க ஆரம்பிக்கிறது. ‘பழைய வண்டி என்றாலே செலவுதான்’ என்று பழி முழுவதும் வயதின் மேல் விழுகிறது. பில்களை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று பேட்டரி மாற்றப்பட்டிருக்கும். பிறகு செல்ஃப் மோட்டார். அதற்குப் பிறகு டைனமோ. கடைசியில் பழுது இருந்த இடம், எஞ்சினுக்குப் போகும் எர்த் ஒயரின் முனையில் பிடித்திருந்த பச்சைக் களிம்பு. வயதுக்கான செலவு அதில் கொஞ்சம்தான்; மிச்சமெல்லாம் ஊகத்துக்குக் கொடுத்த விலை.

பழைய கார் வைத்திருப்பவர் வீட்டில் செய்யக்கூடிய மிக லாபமான வேலை, பழுது எங்கே இருக்கிறது என்பதை அளந்து கண்டுபிடிப்பது. சரிசெய்வது அடுத்த கட்டம். அதில் சிலவற்றை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். சிலவற்றை மெக்கானிக்கிடம்தான் விட வேண்டும். ஆனால் கண்டுபிடிக்கும் வேலையில் பெரும்பகுதிக்கு லிஃப்ட்டும் வேண்டாம், முப்பது வருட அனுபவமும் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஒரு ஓ.பி.டி. ரீடர், ஒரு டார்ச் லைட், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தவறாக வாங்கும் ஒரேயொரு சென்சாரின் விலைக்குள் இவை அனைத்தும் அடங்கிவிடும்.

பழைய கார் ஏன் ஏமாற்றுகிறது?

புதுக் காரில் பழுது வந்தால், கெட்டுப்போனது பெரும்பாலும் ஒரு பாகமாகத்தான் இருக்கும். சுற்றியிருப்பவை எல்லாம் நன்றாக இருப்பதால் அது தனித்துத் தெரிந்துவிடும். 1,20,000 கிலோமீட்டர் ஓடிய காரில் அப்படி இல்லை. பிளக் தேய்ந்திருக்கும், ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும், எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருக்கும், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருக்கும். எதைக் கழற்றிக் காட்டினாலும் ‘பாருங்க சார், போயிடுச்சு’ என்று சொல்லலாம்; அதுவும் உண்மையாகவே இருக்கும். சிக்கல் இங்கேதான். ஒரு பாகம் தேய்ந்திருப்பது, இன்றைய தொல்லைக்கு அதுவே காரணம் என்பதற்குச் சாட்சி ஆகாது. காரணம் என்று உறுதியாகச் சொல்ல இரண்டில் ஒன்று வேண்டும். அந்த இடத்தில் எடுத்த அளவு, இருக்க வேண்டிய அளவிலிருந்து விலகியிருக்க வேண்டும். அல்லது அந்தப் பாகத்தை இடம் மாற்றி வைத்தால் பழுதும் கூடவே இடம் மாற வேண்டும். இரண்டும் இல்லாமல் மாற்றப்படும் பாகம் லாட்டரிச் சீட்டுதான்.

ஒர்க்‌ஷாப்பில் ஏன் இதைச் செய்வதில்லை என்ற கேள்வி எழும். பல இடங்களில் செய்கிறார்கள். செய்யாத இடங்களிலும் மெக்கானிக்கின் நேர்மையைச் சந்தேகிப்பதற்கு முன்னால், அவருக்குக் காசு எதற்குக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். பாகத்துக்குக் காசு உண்டு, மாட்டுவதற்குக் கூலி உண்டு. ஒரு மணி நேரம் மீட்டரை வைத்துத் தேடி, ‘இந்த ஒயர் மட்டும்தான்’ என்று கண்டுபிடித்தால், ‘சும்மா பார்த்ததற்கு இவ்வளவா?’ என்று பேரம் பேசுகிறவர்கள் நாம். தேடுவதற்குக் கூலி கிடைக்காத தொழிலில், தேடாமல் மாற்றிப் பார்க்கும் பழக்கம்தான் வளரும். அதனால் தேடும் வேலையில் கொஞ்சத்தை வண்டிக்காரர் தன் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர் தேடித் தந்தால் அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

ஸ்டார்ட்டிங் தொல்லை: நாலு அளவு

காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அல்லது மெதுவாக இழுத்து நின்றுவிடுகிறது. இதற்கு ஐந்தாறு காரணங்கள் இருக்கலாம். நாலு அளவில் அவற்றைப் பிரித்துவிடலாம். முதல் அளவு, இரவு முழுக்க நின்ற வண்டியில், எதையும் போடுவதற்கு முன் பேட்டரியின் இரு முனைகளிலும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. இரண்டாவது, வீட்டில் ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, செல்ஃப் அடிக்கும்போதே அதே இடத்தில். நல்ல பேட்டரி அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. முழு சார்ஜில் இருந்த பேட்டரி சட்டென்று 8-க்கு விழுந்தால் பேட்டரி சோர்ந்துவிட்டது, அல்லது செல்ஃப் மோட்டார் இறுகியிருக்கிறது. மாறாக, ‘டக்’ சத்தம் மட்டும் வந்து மீட்டர் 12-க்கு மேலேயே நின்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை. பேட்டரியை மாற்றிப் பயன் கிடையாது. மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது. 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் டைனமோ வேலை செய்கிறது, 12.3-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை.

நாலாவது அளவைத்தான் அதிகம் பேர் எடுப்பதில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறு முனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகப் பரப்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், 0.2, 0.3-ஐத் தாண்டினால் எர்த் ஒயரில் தடை இருக்கிறது. இவ்வளவு சின்ன எண்ணுக்கு ஏன் மதிப்பு? செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரம் 100 ஆம்பியருக்கு மேல். களிம்பு ஏறிய இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே ஒரு முழு வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். ஹெட்லைட் பளிச்சென்று எரியும், ஹார்ன் கத்தும், செல்ஃப் மட்டும் முனகும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்கு நிற்கும் கார்களில் இது சர்வசாதாரணம். இதைச் சரிசெய்ய 10 எம்.எம். ஸ்பானர், எமெரி பேப்பர், அரை மணி நேரம் போதும்.

கோட் சொல்வதும் சொல்லாததும்

‘அதெல்லாம் அந்தக் காலத்து மெக்கானிக்கல் வண்டிக்கு. இப்போ எல்லாமே எலெக்ட்ரானிக்ஸ். கம்ப்யூட்டர் வைக்காமல் ஒன்றும் பார்க்க முடியாது’ என்பது முதல் ஆட்சேபம். உண்மை இதற்கு நேர்மாறு. கார்பரேட்டர் காலத்தில் காதையும் மூக்கையும் நம்பித்தான் ட்யூனிங் செய்தார்கள். இன்றைய எஞ்சின் கம்ப்யூட்டரோ தான் அளப்பதையெல்லாம் கேட்டவருக்குச் சொல்கிறது. இந்தியாவில் 2010 முதல் கார்களுக்கு ஓ.பி.டி. கட்டாயம் ஆனது; 2013 ஏப்ரல் முதல் அதன் விரிவான இரண்டாம் கட்டம் வந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ப்ளூடூத் ரீடரைச் செருகினால், செல்போன் திரையில் எஞ்சின் சூடு, சென்சார் அளவுகள், ‘கோட்’ எனப்படும் பழுதுக் குறியீடு எல்லாம் வந்துவிடும். 2010-க்கு முந்தைய கார்கள் சிலவற்றில் பொது ரீடர் பேசாமல் போகலாம். அங்கே கம்பெனியின் ஸ்கேனரைத்தான் நாட வேண்டியிருக்கும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். கோட் என்பது அறிகுறியின் பெயர். கெட்ட பாகத்தின் பெயர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். காரணம் பிளக்காக இருக்கலாம், காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம், வால்வு சரியாக உட்காராமலும் இருக்கலாம். மாருதியின் கே-சீரிஸ் பெட்ரோல் எஞ்சின்களைப் போல ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இக்னிஷன் காயில் உள்ளவற்றில் இதைக் காசு செலவில்லாமல் பிரித்துவிடலாம். எஞ்சினை நிறுத்தி, முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுங்கள். மூன்றாவதில் இருந்ததை முதலாவதில் மாட்டுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். இப்போது பி0303 வந்தால் பழுது காயிலோடு போயிருக்கிறது, காயில் வாங்கலாம். மறுபடியும் பி0301 வந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இதேபோல இடம் மாற்றிப் பாருங்கள். இரண்டும் விடுதலையான பிறகுதான் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பக்கம் போக வேண்டும்.

பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்ற குறியீடும் அப்படித்தான். இது வந்ததும் பலர் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறார்கள். நடந்ததைச் சொன்ன சாட்சியைத் தண்டிப்பதுபோல இருக்கிறது இது. ரீடரில் ‘ஃப்யூயல் ட்ரிம்’ என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதை அது காட்டும். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் உள்ள காரில், ஐடிலிங்கில் 20 காட்டி, 2,500 சுற்றுக்கு ஏற்றினால் 5-க்கு இறங்கினால், எங்கோ வெடித்த ஹோஸ் வழியே காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. மாறாக, மேடு ஏறும்போது எண் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. ஃபில்டரையோ பம்பையோ சந்தேகிக்கலாம். காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் மேப் சென்சார் கார்களில் அதே காற்றுக் கசிவு ட்ரிம்மில் அவ்வளவாகத் தெரியாது. ஐடிலிங் ஏறி நிற்பதாகத் தெரியும். உங்கள் காரில் எது என்று தெரிந்துகொண்டு பிறகு எண்ணைப் படிக்க வேண்டும்.

இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளில் வந்த பிறகு இந்த எண்ணுக்கு இன்னொரு மதிப்பும் கூடியிருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இரண்டும் கலந்தால் 13.5 அளவுக்கு வரும். அதாவது, அதே காற்றுக்குக் கம்ப்யூட்டர் சுமார் 8, 9 சதவீதம் கூடுதலாக எரிபொருள் ஊற்ற வேண்டும். பழைய பெட்ரோலுக்கு அமைத்த காரில் ட்ரிம் எண் இதனாலேயே கொஞ்சம் ஏறி நிற்கும். ஏற்கெனவே சின்னக் காற்றுக் கசிவு இருந்த வண்டியில் இந்தக் கூடுதலும் சேர்ந்து எல்லையைத் தாண்டி, செக் எஞ்சின் லைட் எரிய வாய்ப்பு உண்டு. ‘எத்தனால் வந்து எஞ்சினைக் கெடுத்துவிட்டது’ என்றும், ‘எத்தனாலால் ஒன்றும் ஆகாது’ என்றும் சண்டை நடக்கிறது. உங்கள் வண்டியைப் பொறுத்தவரை அதை ட்ரிம் எண்ணைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும் ஊறி உப்பியிருக்கின்றனவா என்பதை மட்டும் தனியே கண்ணால் பார்க்க வேண்டும்.

சூடு: ஊகம் மிக விலையாகும் இடம்

எஞ்சின் சூடாகிற தொல்லையில் தவறான ஊகம் ஹெட் கேஸ்கெட்டிலும், வளைந்துபோன அலுமினிய ஹெட்டிலும் கொண்டுபோய் விடும். இங்கே எப்போது சூடாகிறது என்பதே பாதி விடை. டிராஃபிக்கில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைப் பாருங்கள். நாலுவழிச் சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட் ஆகியவற்றில் ஒன்று. எங்கும் சொட்டாமலே கூலன்ட் குறைந்து, காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்போல இறுகினால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம். அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. ரேடியேட்டர் மூடியை யாரும் சந்தேகிப்பதே இல்லை. உள்ளே ஏறத்தாழ ஒரு பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்துவைத்து, தண்ணீரின் கொதிநிலையை 120 டிகிரி பக்கம் ஏற்றி வைப்பது அதன் ஸ்பிரிங்கும் ரப்பரும்தான். ரப்பர் வெடித்த மூடியோடு புது ரேடியேட்டர் போட்டாலும் தண்ணீர் பொங்கும். எஞ்சின் முழுதாக ஆறும் முன் அந்த மூடியைத் திறந்தால் முகமும் கையும் வெந்துவிடும்.

நம் ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு. ‘இந்த வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதற்கு?’ என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். முதலாவதால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும். அதுவரை கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். இரண்டாவதால் போர் தண்ணீரின் உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து அடைக்கும். ஓ.பி.டி. திரையில் எஞ்சின் சூடு 80, 90 டிகிரியை எட்டி நிலையாக நிற்கிறதா என்று பார்த்தால், தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பது கழற்றாமலே தெரிந்துவிடும்.

ஆபத்து இல்லையா?

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது: தெரியாத கை வைத்து உயிரோடு விளையாடலாமா? கூடவே கூடாது. அதனால்தான் அளப்பதையும் கழற்றுவதையும் வேறு வேறாக வைக்கச் சொல்கிறேன். பிரேக் பேடின் கனத்தைச் சக்கர இடுக்கு வழியே டார்ச் அடித்துப் பார்ப்பது உங்கள் வேலை. பிரேக் லைனைத் திறந்து காற்று எடுப்பது பழகியவரின் வேலை. டாட் 3 பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு 140 வரை இறங்கலாம். கொடைக்கானலிலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ இறங்கும்போது அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். அதனால் அதைக் கடைசியாக மாற்றிய தேதி உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். ஏர்பேக் ஒயர், சஸ்பென்ஷன் ஸ்பிரிங், பெட்ரோல் லைன், ஏ.சி. கேஸ் ஆகியவற்றின் பக்கமே போக வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் நுழையக் கூடாது. சமதளத்தில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கீழே ஸ்டாண்ட் வைத்த பிறகுதான். இந்த எல்லைக்குள்ளேயே ஏர் ஃபில்டர், பிளக், ஃபியூஸ், ரிலே, பேட்டரி முனை, எர்த் ஒயர், பல்பு, வைப்பர் என்று வாசலில் முடிக்கக்கூடிய வேலைகள் நிறைய உண்டு.

மூன்றாவது ஆட்சேபம், அனுபவத்தின் பேரில் வருவது: ‘நல்ல மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார், மீட்டர் எதற்கு?’ சொல்லிவிடுவார்தான். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது ‘டக்டக்’ என்றால் ஆக்ஸில் ஜாயின்ட், வேகத்தோடு கூடும் ஊளைச் சத்தம் வளைவில் மாறினால் வீல் பேரிங், வேகத்தடையில் ‘கடக்’ என்றால் லிங்க் ராட் அல்லது புஷ் என்று அவர் காது பிரித்துவிடும். அதுவும் அளவுதான், அவருடைய கருவி காது. ஆனால் அந்தச் சத்தம் ஒர்க்‌ஷாப் வாசலில் வராது. எந்த வேகத்தில், எந்தப் பக்கம் திருப்பும்போது, சூடானதற்கு முன்னா பின்னா என்பது தினமும் ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். ‘வண்டி ஒரு மாதிரி சத்தம் போடுது’ என்று ஒப்படைப்பதற்கும், ‘40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல், வலப்பக்கம் ஒடிக்கும்போது மட்டும் ஊளை அதிகமாகிறது’ என்று ஒப்படைப்பதற்கும் இடையில் ஒரு பேரிங்கின் விலை இருக்கிறது. குறிப்பாக இடத்தைச் சொல்லும் வாடிக்கையாளரை நல்ல மெக்கானிக் வெறுப்பதில்லை. இடம் உறுதியான பிறகு பாகம் வாங்குவதிலும் நிதானிக்கலாம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிது வாங்குவதா, புதுப்பேட்டையில் பழையது தேடுவதா என்று விசாரிக்க நேரம் கிடைக்கும். அவசரத்தில் போலிப் பாகம் தலையில் கட்டப்படும் வாய்ப்பும் குறையும்.

கடைசி ஆட்சேபம்: இத்தனை பாடு பட்டுப் பழைய காரைக் காப்பாற்றுவது தேவைதானா? புகை கக்கும் வண்டியைக் கழித்துக்கட்டுவதுதானே ஊருக்கு நல்லது? புகை கக்கினால், ஆமாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் வீணாகிறது. சூடான பிறகும் விடாத வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் எரிகிறது. எதுவானாலும் சரிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் நிறுத்த வேண்டும். பாசத்துக்காக எல்லாப் பழைய காரையும் சுமக்கச் சொல்வது என் வாதம் ஆகாது. அளக்கும் பழக்கம் காரை விட்டுவிட வேண்டிய நாளையும் சேர்த்தே சொல்லும். எஞ்சினின் மிச்ச ஆயுளுக்கு நம்பகமான சாட்சி கம்ப்ரஷன் டெஸ்ட். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக மீட்டர் வைத்துச் செல்ஃப் அடித்தால் சிலிண்டருக்கு ஓர் எண் கிடைக்கும். எல்லாம் அருகருகே இருந்தால் எஞ்சினுக்கு இன்னும் உயிர் உண்டு. ஒன்று மட்டும் 15, 20 சதவீதம் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. ஹெட்டை மட்டும் இறக்கினால் போதுமா, எஞ்சினையே பிரிக்க வேண்டுமா என்பது இதில் ஏறத்தாழ முடிவாகிவிடும். இதோடு, சஸ்பென்ஷன் வந்து பாடியில் சேரும் இடங்களைச் சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்த்து, துரு இரும்பைத் தின்றுவிட்டதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் வேலை பார்ப்பதா, கைமாற்றிவிடுவதா என்று வீட்டில் பேச உட்காரும் நாளில், அந்த எண்களும், இரண்டு வருட பில்களின் கூட்டுத்தொகையும் நோட்டில் இருந்தால் விவாதம் சீக்கிரம் முடியும்.